தாய்மாமன் கண்

சுன்னாகம்
14-6-1942

அன்புள்ள அண்ணைக்குத் தங்கச்சி சிவக்கொழுந்து எழுதுவது. நான் சுகம். உங்களையும் அம்மாவையும் சல்லி அம்மன் காக்கட்டும்.

சித்திரையில் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்தபின் எங்கள் சல்லிச் சனத்தில் பாதி தம்பலகாமத்துக்கு ஓடியும் அம்மா அசையவில்லையாம். அடை கிடக்கும் கோழியை விட்டுவிட்டு வர ஏலாது என்றிருப்பார். யப்பான்காரனுக்கு அம்மாவைத் தெரியாது.

நீங்கள் வருடப்பிறப்புக்கென்று அனுப்பிய சேலை இப்போதுதான் வந்தது. நல்ல நெசவு. நேற்று உடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இந்தத் தவணை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரம்பரை பற்றிப் படிப்பிக்கிறேன். இரண்டு சிரட்டை வைத்தேன். ஒவ்வொன்றிலும் பாதி புளியங்கொட்டை, பாதி சோழி. ஒன்று தாய், ஒன்று தகப்பன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சிரட்டையிலும் ஒன்று எடுத்துச் சோடி சேர்க்க வேண்டும். சோடியில் ஒரு புளியங்கொட்டை இருந்தாலே பிள்ளை கறுப்பு, சோழி ஒளிந்துகொள்ளும். இரண்டும் சோழியானால்தான் வெள்ளை. அறுபத்துநாலு தரம் எடுத்ததில் வெள்ளை பதினைந்து, கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஒளிந்திருந்தது பேரப்பிள்ளையில் வெளியே வரும் என்று சொன்னதும் வகுப்பு வாய் பிளந்தது. கூடப் படிப்பிக்கும் கனகரத்தினம் மாஸ்டர் யன்னலில் நின்று பார்த்தார்.

இப்போது பிள்ளைகள் தங்கள் குடும்பங்களை வரைகிறார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நானும் எங்கள் குடும்பத்தை வரையத் தொடங்கினேன். அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் அவர் தம்பி வல்லிபுரம் மாமாவின் சதுரம்; அதில் என்ன எழுதுவது?

அம்மாவின் இருமலுக்கு மல்லித்தண்ணீர் கொடுங்கள்.
அன்புத் தங்கை,
சிவக்கொழுந்து

சல்லி, திருகோணமலை
5-7-1942

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். இருமல் போய்விட்டது. கோழி பதினொரு குஞ்சு பொரித்தது.

சேலை பிடித்தது மகிழ்ச்சி. நீ கேட்ட இலைப்பச்சை கிடைக்காதென்று பயந்தேன். அடுக்கு முழுவதையும் பிரட்டி நானே எடுத்தனான். கடைக்காரர் ஏனோ சிரித்தார்.

இன்னொரு நல்ல செய்தி. இவ்வளவு நாளும் கப்பல்படை லோஞ்சுப் படகில் கயிறு பிடித்தவனுக்கு இப்போது சுக்கான் பிடிக்கத் தருகிறார்கள். ஆவணியில் பரீட்சை. தேறினால் கோணாமலை முழுச் சுக்கானி. அப்பா பிடித்த சுக்கான் மறுபடி வீட்டுக்கு வருகிறதென்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

மாமாவைப் பற்றி அம்மாவுக்கு எழுதாதே. அப்போது உனக்குப் பத்து வயது, பாதிதான் தெரியும். அப்பா செத்தபின் எங்கள் வள்ளத்தை மாமா ஓட்டினார். கரையில் பச்சைக் கண்ணாடி விளக்கென்றால் வரலாம்; சிவப்பென்றால் அலை பெரிது, பாறைப் பக்கம் வராதே. அன்று பொழுதுபட, அம்மாவே தன் கையால் சிவப்பு விளக்கைக் கட்டினார். மாமா நேரே அதை நோக்கி வந்தார். வள்ளம் பாறையில் சிதறியது. நீந்தி வந்தவர் "நான் குடிக்கேல்ல அக்கா" என்றார். குடிக்காதவன் சிவப்பு விளக்குக்கு வருவானோ? என்ர படி மிதியாதே என்று அம்மா சொன்னார். மாமா குச்சவெளிக்குப் போய்ப் பதினொரு வருடம். குடிகார வெறிக்குட்டிக்கு யார் பெண் கொடுப்பார்? தனியாக நண்டு பிடிக்கிறாராம்.

சதுரத்தில் ஒன்றும் எழுதாதே. கவனமாயிரு.
அண்ணன்,
கோணாமலை

சுன்னாகம்
2-8-1942

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். உங்கள் பரீட்சைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். தேங்காய் கிடைக்கிற விலையில் பிள்ளையாரும் பொறுத்துத்தான் போக வேண்டும்.

மாமாவின் சதுரத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. எனக்கு நினைவிலுள்ள மாமா வேறு ஆள். கந்தளாய்க் குளக்கட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போவாரே? தூண்டிலுக்கு வெட்டுக்கிளி பிடிக்க வேண்டும். பச்சைப் புல்லில் பச்சைக் கிளி. நான் கண் வலிக்கத் தேடி ஒன்று பிடிப்பதற்குள் நீங்களும் மாமாவும் சிரட்டை நிறையக் கொண்டு வருவீர்கள். இருவரும் ஏமாற்றுகிறீர்கள் என்று அழுதேன்.

வகுப்பில் அந்தக் கதையைத்தான் சொன்னேன். ஒரே வெட்டுக்கிளி போட்ட முட்டையிலும் எல்லாக் குஞ்சும் ஒரே அச்சில்லை. சிலது கொஞ்சம் பச்சை, சிலது கொஞ்சம் மண்ணிறம். புல்லில் மண்ணிறத்தைக் கொக்கு முதலில் கண்டு தின்னும். தப்பியது குஞ்சு பொரிக்கும். இப்படி ஆயிரமாயிரம் தலைமுறை போனால் புல்லெல்லாம் பச்சை வெட்டுக்கிளி. யாரும் இருந்து சாயம் பூசவில்லை. காய்ந்த வயலென்றால் மண்ணிறம்தான் பிழைக்கும் என்று கனகரத்தினம் மாஸ்டர் சேர்த்துச் சொன்னார்.

பரீட்சை முடிந்ததும் எழுதுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.
சிவக்கொழுந்து

சல்லி
20-9-1942

தங்கச்சிக்கு,

சுகம். அம்மாவும் சுகம். வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. இப்போது களஞ்சியத்தில் கயிறு சுற்றுகிறேன். வெயில் இல்லை, நல்லது. வேறு புதினம் இல்லை.

கோணாமலை

சுன்னாகம்
30-9-1942

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம், நீங்கள் சுகமில்லை. ஏழு வாரம் காத்திருந்தவளுக்கு ஒரு கைப்பிடிக் கடிதம். பரீட்சை என்ற சொல்லே அதில் இல்லை. நான் கேட்கவும் போவதில்லை.

ஆனால் நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய சேலை பச்சையில்லை. நல்ல செங்காவி. உங்கள் மனம் நோகுமென்று எழுதாமல் விட்டேன். கடைக்காரர் மாற்றிக் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். நீங்களே பார்த்து எடுத்ததென்று வாசித்த நாள் முதல் அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது.

தையல் வகுப்புக் கம்பளி நூலில் பன்னிரண்டு துண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இலக்கம் கட்டியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில், யாரிடமும் கேளாமல், ஒரே நிறமானவற்றைச் சேர்த்து இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். நான் உங்கள் தங்கச்சி. என்னிடம் என்ன வெட்கம்?

அம்மனை நினைத்துக்கொள்ளுங்கள்.
சிவக்கொழுந்து

சல்லி
25-10-1942

அன்புத் தங்கச்சி,

உடம்பு சுகம். மனம்தான் இல்லை. உன் நூலைக் கண்டதும் கோபம் வந்து அலுமாரிக்குள் எறிந்தேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். எங்கள் வீட்டில் நூலும் பிழை, சேலையும் பிழை, பிள்ளையும் பிழை என்று நினைத்தேன்.

சொல்லிவிடுகிறேன். பரீட்சை ஓட்டம் பொழுதுபடும் நேரம். துறைமுகத்துக்குள் போகும் வழியில் பச்சை விளக்கென்றால் போ, சிவப்பென்றால் நில். விளக்கு எரிந்தது, போனேன். பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். லோஞ்சு மிதவையில் அடித்துப் பக்கப் பலகை பிளந்தது. ஆளுக்குச் சேதமில்லை. எந்த மூடன் சிவப்பைக் கண்டும் போவான்? குடிவெறி என்று எழுதிவிட்டார்கள். கார்த்திகை இருபதாம் திகதி விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போவதோடு, யுத்த காலத்தில் படகை உடைத்ததற்குச் சிறை மறியலும் உண்டாம்.

நான் குடிக்கவில்லை. அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என்னை அம்மன் வாசலுக்குக் கூட்டிப் போய்ச் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். திரும்பி வரும்போது ஒரேயொரு சொல் சொன்னார்: "அவனும் இப்பிடித்தான் சொன்னவன்." மாமனின் வெறி மருமகனுக்கு வந்துவிட்டதென்று ஊர் கதைக்கிறது.

உன் நூல்: மூன்றும் ஏழும் ஒன்று. ஐந்தும் பதினொன்றும் ஒன்று. நீலமும் மஞ்சளும் தனித்தனி, அதில் சந்தேகமே இல்லை. இது என்ன விளையாட்டென்று தெரியவில்லை.

அண்ணன்

சுன்னாகம்
1-11-1942

என் அன்பு அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. முதலில் இதை வாசியுங்கள். நீங்கள் குடிக்கவில்லை. மாமாவும் குடிக்கவில்லை.

மூன்றாம் நூல் சிவப்பு. ஏழாம் நூல் பச்சை. உங்கள் கண்ணுக்கு அவை ஒன்று. பார்வையில் குறையில்லை, அந்த இரண்டு நிறத்தையும் பிரிக்கிற திறன் மட்டும் பிறப்பிலேயே இல்லை. நூறு ஆண்களில் ஏழெட்டுப் பேருக்கு இப்படி உண்டென்று புத்தகம் சொல்கிறது. பெண்களில் மிக அரிது. ஏன் என்பதில்தான் எங்கள் குடும்பம் முழுவதும் இருக்கிறது.

உடம்பின் உயிரணுக்களுக்குள் மெல்லிய இழைகள் சோடி சோடியாக இருக்கின்றன. சோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. பிறப்பது ஆணா பெண்ணா என்று தீர்ப்பது ஒரு சோடி. பெண்ணுக்கு அதில் இரண்டும் நீள இழை. ஆணுக்கு ஒன்று நீளம், ஒன்று கட்டை. சிவப்பு, பச்சை பிரிக்கும் திறன் நீள இழையில் இருக்கிறது. அம்மாவின் இரண்டு நீள இழையில் ஒன்று பழுது. மற்றது நல்லதாக இருப்பதால் அம்மாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை. உங்களுக்குக் கிடைத்தது அந்தப் பழுது இழை. அப்பா உங்களுக்குத் தந்தது கட்டை இழை, அதனால் ஈடு செய்ய ஏலாது. இதே போலத்தான் மாமாவுக்கும் அவருடைய தாயிடமிருந்து வந்தது. அதனால்தான் மாமனில் தெரிந்து, அம்மாவில் ஒளிந்து, மருமகனில் மறுபடி தெரிகிறது. சிரட்டைக்குள் ஒளிந்த சோழி!

வெறி இரத்தத்தில் வருவதில்லை அண்ணை. வந்தது கண். ஊர் பாதி சரி, பாதி பிழை.

இத்துடன் கப்பல்படை வைத்தியருக்கு இங்கிலீசில் ஒரு கடிதமும் எங்கள் குடும்பப் படமும் வைத்திருக்கிறேன். கனகரத்தினம் மாஸ்டர் இலக்கணம் பார்த்தார். இந்தக் கண்ணின் அடையாளமாக மாமாவின் சதுரத்தைக் கறுப்பாக நிரப்பியிருக்கிறேன், உங்களுடையதையும். வெட்கப்படாமல் விசாரணையில் கொடுங்கள். குனிந்து நிற்காதீர்கள்.

உங்கள் சிவக்கொழுந்து

சல்லி
29-11-1942

அன்புத் தங்கச்சி,

நலம், நலமே. பொங்கலுக்கு வைத்த அரிசியை அம்மா இன்றே பொங்கிவிட்டார்.

வைத்தியர் உன் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து நூற்றுக்கு மேல் நூல் எடுத்துப் போட்டார். ஒரு பச்சையைக் காட்டி அதைப் போன்றவற்றைப் பொறுக்கச் சொன்னார். நான் பொறுக்கப் பொறுக்க மற்ற உத்தியோகத்தர்கள் கதிரையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார்கள். இந்தப் படத்தை வரைந்த டொக்டர் யார் என்று கேட்டார். "டொக்டர் இல்லை, என்ர தங்கச்சி" என்றேன். தங்கச்சி, அந்த நேரம் நான் நிமிர்ந்து நின்றனான்.

நேற்றுத் தீர்ப்பில் குடிவெறி என்பதை என் கண்முன்னே வெட்டினார்கள். விளக்குப் பார்த்து ஓட்டுகிறவனின் கண்ணை முதலிலே சோதிக்காதது தங்கள் பிழை என்று எழுதினார்கள்.

ஆனால் சுக்கான் இனி இல்லை. என்றைக்கும் இல்லை. சரி, கயிறாவது மிஞ்சியது.

அம்மா பொங்கிவிட்டுக் குசினிக்குள்ளேயே இருக்கிறார். மாமாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கோணாமலை

சுன்னாகம்
8-12-1942

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் அழுதுவிட்டேன். பிள்ளைகள் யுத்தச் செய்தி என்று பயந்தார்கள். வெற்றிச் செய்தி என்று சொன்னேன்.

சுக்கான் போனதுக்கு எனக்கும் துக்கம்தான்.

அம்மாவை வற்புறுத்த வேண்டாம். மூன்றையும் ஏழையும் மட்டும் அவர் கையில் கொடுத்து விடுங்கள். அம்மா யார் சொல்லையும் நம்பமாட்டார். தன் கண்ணால் கண்டால் நம்புவார்.

தைப்பொங்கலுக்கு வாழ்த்து.
சிவக்கொழுந்து

சல்லி
17-1-1943

அன்புத் தங்கச்சி,

சுகமோ சுகம். நான் இப்போது கயிறு சுற்றவில்லை. வைத்தியர் என்னைப் பற்றி இன்னொரு உத்தியோகத்தரிடம் சொல்லியிருக்கிறார். அவர் என்னை லோஞ்சில் ஏற்றிக்கொண்டு போய்

(இங்கே நான்கு வரி தணிக்கை மையால் அடிக்கப்பட்டிருக்கிறது.)

என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு. உனக்கு விளங்கும்படி சொல்கிறேன்: கந்தளாய்க் குளக்கட்டில் நான் என்ன வேலையில் கெட்டிக்காரனோ, அந்த வேலைக்கு இப்போது சம்பளம். பத்து வெட்டுக்கிளி ஒளித்து வைத்திருந்தார்கள். ஒன்பதைக் காட்டினேன். அவர்கள் அத்தனை பேரும் நல்ல கண் உள்ளவர்கள். மூன்றுக்கு மேல் காணவில்லை.

தணிக்கைக்கார ஐயாவுக்கும் என் பொங்கல் வாழ்த்து. வெட்டுக்கிளி வெறும் பூச்சிதான், மை வீணாக்க வேண்டாம்.

கோணாமலை

சுன்னாகம்
31-1-1943

என் வெட்டுக்கிளி அண்ணைக்கு,

இதைத் தபாலில் போடாமல் கனகரத்தினம் மாஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். அப்போது மை வேலை இல்லை.

நான்கு வரியும் எனக்கு விளங்கியது. பீரங்கியையும் எண்ணெய்த் தாங்கியையும் பச்சை வலையால் மூடுவார்கள். நிறம் காட்டைப் போல இருப்பதால் எங்கள் கண் ஏமாறும். உங்களை நிறம் ஏமாற்றாது. உருவமும் நிழலும் முதலில் தெரியும். எது சரியாக மறையவில்லை என்று யப்பான்காரன் காணுமுன் நீங்கள் காட்டிவிடலாம். புல்லில் பிழைப்பது ஒன்று, காய்ந்த வயலில் பிழைப்பது வேறொன்று என்று வகுப்பில் சொன்னேனே! பழுது இழை என்று நான் எழுதியதை வெட்டிவிடுங்கள். வேறு இழை என்று திருத்துகிறேன்.

இன்னொன்று. அம்மாவின் அந்த இழை என்னிடமும் இருக்கலாம். இருக்கவும் பாதி, இல்லாதிருக்கவும் பாதி. இருந்தால் எனக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் உங்களைப் போல இருப்பார்கள். இதை மறைத்துக் கலியாணம் செய்ய மனமில்லாமல் படத்தை ஒருவருக்குக் காட்டினேன். "அப்ப மாமனைப் போல கெட்டிக்காரனாய் வருவான்" என்றார்.

அவரைக் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுங்கள்.
சிவக்கொழுந்து

சல்லி
21-2-1943

அன்புத் தங்கச்சிக்கும், கடிதம் கொண்டுவரும் மாப்பிள்ளைக்கும்,

ஒவ்வொரு கடிதத்திலும் யன்னலில் நின்றும் இலக்கணம் பார்த்தும் வந்த மாஸ்டரை எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? நிறம்தான் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். அம்மாவுக்குப் பூரண சம்மதம்.

நீ சொன்னபடி இரண்டு நூலையும் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். போன ஞாயிறு விடிய, "குச்சவெளி பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

மாமா குடிசை வாசலில் நண்டுக்கூடு பின்னிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. அம்மாவைக் கண்டு எழும்பி நின்றார். அம்மா நிலத்தில் இருந்து, முந்தானையை அவிழ்த்து, இரண்டு நூலையும் பாயில் வைத்தார்.

"தம்பி, இதில எது பச்சை?"

மாமா குனிந்து பார்த்தார். எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இரண்டும் ஒண்டுதானே அக்கா" என்றார்.

"அப்ப, அண்டைக்கு நான் கட்டின விளக்கு?"

"விளக்கு எரிஞ்சது. வந்தனான்."

அம்மா வாய்விட்டு அழுததை நான் அப்பாவின் சாவுக்குப் பிறகு கண்டதில்லை. பதினொரு வருடம் உண்மை சொன்னவனைப் பொய்யனாக்கிப்போட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதேங்கோ அக்கா. நீங்கள் விளக்குக் கட்டினது நான் உயிரோட வரத்தானே" என்றார். எனக்கும் அடக்க ஏலவில்லை.

அன்றே கூட்டிவந்தோம். சல்லிச் சந்தியில் பஸ்சால் இறங்கி, கடைத்தெரு வழியாக, அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார். வழியில் கண்டவர்களையெல்லாம் மறித்து, "என்ர தம்பி குடிக்கேல்ல" என்று சொன்னார். சில பேருக்கு இரண்டு தரம் சொன்னார்.

போன வியாழன் அந்த உத்தியோகத்தரிடம் மாமாவைக் கொண்டுபோய் விட்டேன். புதிதாகப் பன்னிரண்டு ஒளித்திருந்தார்கள். எனக்குப் பத்து. மாமாவுக்குப் பன்னிரண்டும்! அதோடு அவர்களே மறந்துபோன ஒன்றையும் காட்டினார். திங்கள் முதல் அவருக்கும் சம்பளம்.

வைகாசியில் உன் கலியாணம். தாய்மாமன் நின்று தேங்காய் உடைப்பார்.

இப்போது இருட்டடிப்பு, கரையில் யாரும் விளக்குக் கட்டக்கூடாது. ஆனால் அம்மா நேற்றுச் சந்தைக்குப் போய் இரண்டு வெறும் அரிக்கன் விளக்கு வாங்கி வந்தார். பழைய பச்சைக் கண்ணாடியையும் சிவப்புக் கண்ணாடியையும் கிணற்றடியில் போட்டு உடைத்தார். யுத்தம் முடிந்ததும் சல்லிக் கரைக்குப் புதுச் சட்டமாம். ஒரு விளக்கென்றால் வரலாம், இரண்டென்றால் நில். உன் பிள்ளை எந்தக் கண்ணோடு பிறந்தாலும் வீட்டுக்கு வழி தெரியும் என்று எழுதச் சொன்னார்.

எல்லோரும் சுகம்.
அண்ணன், கோணாமலை